மாமியார் சொன்னது சரியா? மருமகள் சொன்னது சரியா?

ஒரு வீட்டில் அரைக் கிலோ ரவைக்காக ஒரு சண்டை நடந்தது.

காலையில் உப்புமா கிளற மருமகள் ரவைப் பாக்கெட்டை எடுத்தாள். பிரிக்காத பாக்கெட். திருப்பிப் பார்த்தாள். அதில் அச்சடித்திருந்த தேதி போய் நான்கு நாள் ஆகியிருந்தது. "ஐயையோ!" என்று சொல்லி, பாக்கெட்டை அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள்.

மாமியார் ஓடி வந்தார். கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். பிரித்தார். முகர்ந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார்.

"வண்டு இல்லை, புழு இல்லை, வாடை இல்லை. இதையா கொட்டுவது? காசு என்ன மரத்திலா காய்க்கிறது?" என்று கேட்டார்.

"தேதி போய்விட்டது அத்தை. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" என்றாள் மருமகள்.

அன்று உப்புமா இல்லை. வீட்டில் பேச்சும் இல்லை.

அடுத்த வாரம் இன்னொரு சண்டை. இந்தத் தடவை பிரிட்ஜில் இருந்த கோழிக்கறிப் பாக்கெட். குளிரூட்டிக் கடையில் விற்ற கறி. அதன் தேதியும் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது.

"வாடையே இல்லையே! மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும்" என்றார் மாமியார்.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் மருமகள்.

இருவரில் யார் சொன்னது சரி?

ரவை விஷயத்தில் மாமியார் சொன்னது சரி. கறி விஷயத்தில் மருமகள் சொன்னது சரி!

இது என்ன தீர்ப்பு, இரண்டு பக்கமும் பேசுகிறீர்களே என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் இரண்டு பாக்கெட்டிலும் அவர்கள் பார்த்த தேதிகள் ஒரே ஜாதித் தேதிகள் அல்ல.

மூன்று தேதிகள்

பாக்கெட்டில் ஒரு தேதி இருக்கும், அது தாண்டினால் உள்ளே இருப்பது விஷம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அப்படி அல்ல. ஒரு பாக்கெட்டில் மூன்று தேதிகள் வரை இருக்கலாம்.

முதல் தேதி, பண்டத்தைத் தயாரித்த தேதி. அல்லது பாக்கெட்டில் அடைத்த தேதி. இது பண்டம் பிறந்த நாள்.

இரண்டாவது தேதிக்கு ஆங்கிலத்தில் "பெஸ்ட் பிபோர்" என்று போடுகிறார்கள். "இந்த நாளுக்குள் சாப்பிட்டால் மணமும் ருசியும் குறையாமல் நயமாக இருக்கும்" என்பது அதன் பொருள். மளிகைக் கடையில் "நயம் பருப்பு" என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோல இதை "நயத் தேதி" என்று வைத்துக்கொள்வோம். இந்த நாள் தாண்டினால் மொறுமொறுப்பு குறையலாம். மணம் மங்கலாம். அதனாலேயே பண்டம் நஞ்சாகிவிடுவதில்லை.

மூன்றாவது தேதிக்கு "யூஸ் பை" என்று போடுகிறார்கள். அல்லது "எக்ஸ்பைரி" என்று போடுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். இதுதான் கெடு. கடன் கட்டக் கெடு இருப்பதுபோலப் பண்டத்துக்கும் கெடு. இதை "கெடு தேதி" என்போம். இந்த நாளுக்குப் பிறகு அதை விற்கக் கூடாது. வாங்கி வைத்திருந்தாலும் சாப்பிடக் கூடாது.

இது நான் கட்டிச் சொல்லும் கதை அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் கொண்டுவந்த விதிகளில் இருப்பதுதான். தயாரித்த அல்லது பாக்கெட்டில் அடைத்த தேதியையும், கெடு தேதியையும் கட்டாயம் போட வேண்டும். நயத் தேதியை விரும்பினால் கூடுதலாகப் போடலாம். நயத் தேதி தாண்டிய பிறகும் உணவு பாதுகாப்பாகவே இருக்கலாம், அதன் தரம்தான் குறைந்திருக்கலாம் என்று அந்த விதியே சொல்கிறது.

அந்த ரவைப் பாக்கெட்டில் இரண்டு தேதிகள் இருந்தன. மருமகள் பார்த்தது நயத் தேதி. அதற்குக் கீழேயே கெடு தேதியும் இருந்தது. அது வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது! அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை.

கறிப் பாக்கெட்டில் இருந்ததோ ஒரே ஒரு தேதி. அது கெடு தேதி.

மூக்கை நம்பலாமா?

நம் தாய்மார்களின் மூக்கு லேசுப்பட்ட மூக்கு அல்ல. எண்ணெயில் சிக்கு வாடை அடித்தால் அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். தேங்காய் காறிவிட்டதா, மாவில் நூல் கட்டியிருக்கிறதா, பருப்பில் வண்டு விழுந்திருக்கிறதா என்பதைக் கையால் அளைந்தே கண்டுபிடிப்பார்கள். உலர்ந்த பண்டங்களுக்கு இந்தப் பரிசோதனை மிகவும் உதவும்.

ஆனால் ஈரப் பண்டங்களிடம் மூக்கு தோற்றுவிடும்.

கறி, மீன், பால், பன்னீர், சமைத்த சோறு இவற்றில் வளரும் நோய்க் கிருமிகள் எல்லாம் நாற்றம் எழுப்பிக்கொண்டு வருவதில்லை. சில கிருமிகள் ஓசையில்லாமல் வரும் திருடன் மாதிரி. வாடையும் மாறாது, நிறமும் மாறாது. சாப்பிட்ட பிறகுதான் வாந்தியும் பேதியும் வந்து விவரம் சொல்லும்.

கறியைக் கழுவினால் கிருமி போய்விடும் என்பதும் தவறு. கழுவும் தண்ணீர் தெறித்து, பக்கத்தில் இருக்கும் காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் கிருமி பரவும். அவ்வளவுதான் நடக்கும்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வடித்த சோற்றை வெளியே நெடுநேரம் அப்படியே விட்டுவிட்டால் அவை பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மீந்த சோற்றை ஆற விட்டு, தாமதிக்காமல் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

மூக்கு "கெட்டுவிட்டது" என்று சொன்னால் கட்டாயம் நம்புங்கள். தேதி பாக்கி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஆனால் கெடு தேதி தாண்டிய கறியையும் பாலையும் பார்த்து மூக்கு "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

தேதிக்கு ஒரு நிபந்தனை

இன்னொரு விஷயம். பாக்கெட்டில் இருக்கும் தேதி, பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். அதுவும், "இப்படி வைத்துக்கொள்" என்று அதிலேயே எழுதியிருக்கும்படி வைத்திருந்தால்தான்.

அட்டைப் பெட்டியில் அடைத்து வரும் பாலுக்குப் பல மாதத் தேதி இருக்கும். பெட்டியின் மூலையை வெட்டினீர்களோ, அந்தத் தேதி செத்துப்போயிற்று! அப்புறம் பிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பழரசப் பெட்டியும் அப்படித்தான். ஜாம், சாஸ் பாட்டில்களிலும் "திறந்த பிறகு குளிரில் வைக்கவும், இத்தனை நாளுக்குள் தீர்க்கவும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பெரிய தேதியைப் பார்க்கிற நாம் இந்தப் பொடி வரியைப் பார்ப்பதில்லை.

பாக்கெட் பால் குளிரிலேயே இருக்க வேண்டிய பண்டம். காலையில் வாங்கி வாசல் திண்ணையில் வெயிலில் வைத்துவிட்டு, "நாளை வரை தேதி இருக்கிறதே, எப்படித் திரிந்தது?" என்று கேட்டால் பால் என்ன செய்யும்? பிரிட்ஜின் உள்ளே குளிர் 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மின்சாரம் நெடுநேரம் போயிருந்தால், பாலும் கறியும் தேதிக்கு முன்பே கெட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதைக் கொட்ட வேண்டும்?

தயங்காமல் கொட்ட வேண்டியவை சில உண்டு.

கெடு தேதி தாண்டிய பால், பன்னீர், கறி, மீன். இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு அதைவிடப் பெரிது.

கெடு தேதி தாண்டிய குழந்தை உணவு மாவு. டப்பா நிறைய மிச்சம் இருந்தாலும் சரி, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

உப்பிப்போன தகர டப்பா. தேதி எவ்வளவு பாக்கி இருந்தாலும் திறக்காதீர்கள். ருசி பார்க்கவே கூடாது.

பூசணம் பிடித்த ரொட்டி. பச்சையாக இருக்கும் இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைத் தின்பது பலருக்குப் பழக்கம். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். ஆகவே முழு ரொட்டியையும் போட்டுவிட வேண்டும்.

பூசணம் பிடித்த நிலக்கடலை, கசக்கிற நிலக்கடலை. இதில் உண்டாகும் ஒருவகை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுவதும் போகாது.

எதைக் கொட்ட வேண்டாம்?

உப்பும் சர்க்கரையும் உலர்ந்திருந்தால் கெடுவதில்லை. ஈரம் பட்டுக் கட்டியானால் உடைத்துப் பயன்படுத்தலாம்.

அரிசி, பருப்பு, ரவை, கோதுமை மாவு, பிஸ்கட், டீத்தூள், மிளகாய்த்தூள் இவற்றில் நயத் தேதி மட்டும் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம். கெடு தேதி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். வண்டு, பூசணம், சிக்கு வாடை இல்லையென்றால் தாராளமாகச் சமைக்கலாம். தூளில் காரம் மட்டாக இருந்தால் அரைக் கரண்டி கூடப் போடுங்கள். பிஸ்கட் நமுத்துப் போயிருந்தால் டீயில் நனைத்துத் தின்னுங்கள். எப்படியும் நனைத்துத்தானே தின்கிறோம்!

பாக்கெட்டில் ஒரே ஒரு தேதி இருந்து, அது கெடு தேதி என்றால் அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

வாங்கும்போதே பாருங்கள்

வீணாவதைத் தடுக்க வேண்டிய இடம் குப்பைக் கூடை அல்ல, கடை.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் கை தானாக நீளும். இரண்டையும் வாங்குமுன் கெடு தேதியைப் பாருங்கள். ஒரு பாக்கெட்டைத் தீர்க்கவே ஒரு மாதம் ஆகும் வீட்டில், பத்து நாளில் கெடு முடியும் இரண்டு பாக்கெட் எதற்கு? இலவசமாக வந்தது குப்பைக்குப் போகும். அதைப் போட ஒரு நடை வேறு.

தேதியைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பண்டத்தில் மாதத்தையும் ஆண்டையும் மட்டும் போடலாம் என்பது விதி. "ஆகஸ்டு 26" என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது ஆகஸ்டு 26ஆம் தேதி என்று நினைத்துவிடுகிறார்கள். அது 2026ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம்!

சில பாக்கெட்டுகளில் தேதியே இருக்காது. "பாக்கெட்டில் அடைத்ததிலிருந்து நான்கு மாதம்" என்று ஒரு மூலையில் இருக்கும். அடைத்த தேதி இன்னொரு மூலையில் இருக்கும். இரண்டையும் தேடிப் பிடித்து, விரல் விட்டு எண்ண வேண்டும். கடையில் கூட்டத்தில் நின்றுகொண்டு யார் எண்ணுவது?

தேதி அழிந்திருந்தால், அல்லது தேதியின் மேல் வேறு காகிதம் ஒட்டியிருந்தால், வாங்காதீர்கள். கெடு தாண்டிய பண்டத்தை விற்பது குற்றம். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மிட்டாய்க் கடையில் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்குக்கூட, எந்த நாள் வரை நயமாக இருக்கும் என்று எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவு வந்தது. "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன வேலை. புதுப் பாக்கெட்டைப் பின்னால் வையுங்கள். பழைய பாக்கெட்டை முன்னால் வையுங்கள். டப்பாவில் கொட்டி வைத்தால், கெடு தேதியைக் காகிதத்தில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். பழைய ரவையோடு புது ரவையைக் கலக்காதீர்கள். பழையதில் ஒரு வண்டு இருந்தால் புதியதும் போயிற்று.

எவ்வளவு வீணாகிறது?

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாயிற்றாம். தோலும் எலும்பும் சேர்த்த கணக்கு அது. இதில் நூற்றுக்கு 60 பங்கு ஹோட்டலிலோ கடையிலோ வீணானது அல்ல. வீடுகளில் வீணானது!

உலகக் கணக்கு இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். வாரம் 50 ரூபாய்ப் பண்டம் குப்பைக்குப் போனால் ஆண்டுக்கு 2,600 ரூபாய். பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆகும் பணம் அது. அந்தப் பண்டத்தை விளைவித்தவன் வியர்வைக்கும், வயலில் பாய்ந்த தண்ணீருக்கும் என்ன விலை போடுவது?

தமிழில் போட்டால் என்ன?

இப்போது என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாமியார் ஏன் மூக்கை மட்டும் நம்பினார்? அவர் படிக்காதவர் அல்ல. பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவர். இன்று தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். ஆனால் ரவைப் பாக்கெட்டை அவரால் படிக்க முடியவில்லை. அதில் தமிழ் இல்லை.

மருமகள் ஏன் அவசரப்பட்டாள்? ஆங்கில எழுத்து அவளுக்குத் தெரியும். ஆனால் "பெஸ்ட் பிபோர்" என்பதற்கும் "எக்ஸ்பைரி" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் இருவர் மேலும் குற்றம் இல்லை. பாக்கெட் விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது இந்தியில் இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மொழியையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் விதி அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது, கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததைக் கம்பெனிக்காரர்கள் ஏன் செய்யப் போகிறார்கள்? விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது. "வாங்குங்கள்" என்று சொல்லத் தமிழ் தெரிகிறது. "இந்த நாளுக்குப் பிறகு சாப்பிடாதீர்கள்" என்று சொல்ல மட்டும் தமிழ் தெரியவில்லையா?

மூன்று காரியம் செய்தால் போதும். ஒன்று, தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் தேதி விவரம் தமிழிலும் இருக்க வேண்டும். இரண்டு, உலர்ந்த பண்டங்களில் நயத் தேதி, கெடு தேதி இரண்டையும் தனித்தனியே போட வேண்டும். மூன்று, "நான்கு மாதம்" என்று கணக்குப் போட விடாமல், நாளையே நேராக, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல விதமான தேதிச் சொற்களைப் பார்த்து மக்கள் குழம்பினார்கள். நயத்துக்கு ஒரே சொல், பாதுகாப்புக்கு ஒரே சொல் என்று அங்கே 2024இல் சட்டம் இயற்றினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

அதுவரை நாம் என்ன செய்வது?

அந்த வீட்டில் செய்ததைச் செய்யலாம். இப்போது பண்டம் வாங்கி வந்ததும் மருமகள் தேதியைப் படித்துச் சொல்கிறாள். மாமியார் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டுகிறார். "ரவை - நயம் மார்ச் 10 - கெடு மே 10" என்று.

தேதி மருமகள் பொறுப்பு. வண்டும் வாடையும் மாமியார் பொறுப்பு. இப்போது அந்த வீட்டில் சண்டை இல்லை. குப்பைக் கூடையும் பாதி காலி!